செவ்வாயிடம் முதலில் கேட்போம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் நுண்ணுயிரியல் கற்பித்த ஓர் ஆசிரியர். அவர் பெயரால் நடக்கும் சொற்பொழிவில் செவ்வாய்க் கோளைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டபோது, நான் துறையை விட்டு விலகிப் போவதாக நினைக்கவில்லை. செவ்வாயில் இன்று உயிர் இருக்குமானால் அது நுண்ணுயிராகத்தான் இருக்கும். முன்பு இருந்து அழிந்திருந்தாலும் பெரும்பாலும் நுண்ணுயிராகத்தான் இருந்திருக்கும். அங்கே போகப் புறப்படும் மனிதரோடு கூடவே போகப்போவதும் நுண்ணுயிர்தான். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு முன்னால் நாம் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் கிருமிகளால் பிற கோள்களைக் கெடுத்துவிடுவோமோ என்ற கவலை தோன்றிய இடங்களில் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. 1957 நவம்பரில் ஜோஷுவா லெடர்பர்க் என்ற இளம் அமெரிக்க மரபியலாளர் கல்கத்தா வந்திருந்தார். அவ்வாண்டுதான் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்திருந்தார் ஜே.பி.எஸ். ஹால்டேன். இருவரும் சேர்ந்து இரவு உணவு அருந்தினார்கள். ஸ்புட்னிக் ஏறி ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று சந்திர கிரகணம். ரஷ்யப் புரட்சியின் நாற்பதாம் ஆண்டு விழாவும் அந்த நேரத்தில்தான். விழாவைக் கொண்டாட ரஷ்யர்கள் நிலவில் ஓர் அணுகுண்டை வெடித்துக் காட்டக்கூடும் என்று ஹால்டேன் பேச்சுவாக்கில் சொன்னார். குண்டு வெடிக்கவில்லை. ஆனால் லெடர்பர்க்கின் மனத்தில் அந்தப் பேச்சு தங்கிவிட்டது. மனிதன் ஒரு முறைகூட ஆராயாத ஓரிடத்தை, அரசியல் ஆரவாரத்துக்காக ஒரே நாளில் கெடுத்துவிட முடியும் என்பதை அவர் அப்போது உணர்ந்தார். அமெரிக்கா திரும்பியதும் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகத்தை நெருக்கத் தொடங்கினார். 1958-இல் விண்வெளி ஆய்வுக்கான பன்னாட்டுக் குழுவான கோஸ்பார் பிறந்தது. அதே ஆண்டு லெடர்பர்க்குக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிற கோள்களை நம் கிருமிகளால் மாசுபடுத்தக் கூடாது என்ற கொள்கை 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவில் இடம்பெற்றது. இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு.

கொள்கையை எண்ணாக மாற்றிய விதத்தை நுண்ணுயிரியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். செவ்வாயில் இறங்கும் சாதாரணக் கலம் ஒன்றின் வெளிப்பரப்புகளில் மொத்தம் 3 லட்சம் பாக்டீரிய வித்துகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு சதுர மீட்டருக்குச் சராசரி 300. உயிரைத் தேடிப் போகும் கருவிகளுக்கும், நீர் இருக்கக்கூடிய இடங்களுக்குப் போகும் கலங்களுக்கும் வரம்பு இன்னும் கடுமை. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதரைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இன்றுவரை செவ்வாய் மண்ணில் உயிருள்ள நுண்ணுயிரை நேரடியாகத் தேடும் சோதனை ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. அது 1976-இல். வைக்கிங்-1 ஜூலை 20 அன்றும், வைக்கிங்-2 செப்டம்பர் 3 அன்றும் தரையிறங்கின. புறப்படும் முன் இரண்டு கலங்களையும் மூடிய உறைக்குள் வைத்து, 110 டிகிரி செல்சியசுக்கு மேலான உலர் வெப்பத்தில் பல மணி நேரம் வேகவைத்தார்கள். மின்சுற்றுகள், பேட்டரிகள், கேமராக்கள் எல்லாமே அந்தச் சூட்டைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டன. பின்னால் போன எந்தக் கலமும் முழுமையாக இப்படி வெந்து போனதில்லை.

உள்ளே மூன்று உயிரியல் சோதனைகள் இருந்தன. அவற்றில் கில்பர்ட் லெவினும் பட்ரீசியா ஸ்ட்ராட்டும் நடத்திய சோதனைதான் இன்றும் உறுத்துகிறது. செவ்வாய் மண்ணில் சத்துநீரைச் சொட்டுவார்கள். அதிலுள்ள கரி அணுக்கள் கதிரியக்கம் ஏற்றப்பட்டவை. மண்ணில் ஏதாவது அந்தச் சத்தைத் தின்று மூச்சுவிட்டால், கதிரியக்கமுள்ள வாயு மேலே வரும். வந்தது. இரண்டு இடங்களிலும் வந்தது. அதே மண்ணை முதலில் 160 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுச் சொட்டினால் வரவில்லை. சுமார் 50 டிகிரிக்குச் சூடாக்கினால் வெகுவாகக் குறைந்தது. பூமியில் ஒரு மண் இப்படி நடந்துகொண்டால், அதில் உயிர் இருக்கிறது என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

ஆனால் இரண்டாம் முறை சத்துநீர் சொட்டியபோது புதிதாக வாயு எழவில்லை. பெருகி வளரும் உயிரின் போக்கு அதுவல்ல. இன்னொரு சோதனையில் மண் வெறும் ஈரப்பதம் பட்டதுமே ஆக்சிஜனை உமிழ்ந்தது. அது வேதியியலாகத் தோன்றியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளாஸ் பீமன் தலைமையிலான குழு மண்ணை 500 டிகிரிக்குச் சூடாக்கிக் கரிமப் பொருள்களைத் தேடியபோது குளோரோமீத்தேன் போன்ற சில்லறைச் சேர்மங்கள்தான் கிடைத்தன. கலத்தைச் சுத்தம் செய்த கரைப்பான்களின் மிச்சம் என்று அவற்றை ஒதுக்கினார்கள். உடலே இல்லாத இடத்தில் உயிர் எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலோர் செவ்வாயில் உயிர் இல்லை என்று முடிவு கட்டினார்கள். லெவின் ஏற்கவில்லை, 2021-இல் இறக்கும்வரை ஏற்கவில்லை.

32 ஆண்டுகள் கழித்து, 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயின் வடதுருவப் பகுதி மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. குளிரில் அது சும்மா கிடக்கும். சூடாக்கினால் ஆக்சிஜனை விட்டுச் சுற்றியுள்ள கரிமப் பொருளை எரித்துவிடும். எரியும்போது குளோரோமீத்தேன் பிறக்கும். 2010-இல் ரஃபேல் நவார்ரோ-கோன்சாலெஸ் குழுவினர் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கியபோது அதே சேர்மங்கள் வந்தன. தேடப்பட்ட பொருளைத் தேடிய கருவியே எரித்திருக்கக்கூடும். லெவின் கண்டது உயிர்தான் என்று இதனால் நிறுவப்பட்டுவிடாது. அந்த வாயுவையும் மண்ணின் வேதியியலால் விளக்க முடியும் என்றே பலர் கருதுகிறார்கள். நான் வைக்கிங்கிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. அந்தக் கலங்கள் சுத்தமாகப் போயின. அதனால்தான் அரை நூற்றாண்டு கழித்தும் அந்தத் தரவுகளை எடுத்து வைத்துப் புதிதாக வாதாட முடிகிறது. வந்த வாயு நம் கிருமி விட்டதாக இருக்குமோ என்ற ஐயத்துக்கு அங்கே பெரிய இடமில்லை. அசுத்தமாகப் போயிருந்தால் அந்த வாதமே இன்று நடந்துகொண்டிருக்காது.

வைக்கிங் கதையில் உல்ஃப் விஷ்னியாக்கை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. செவ்வாய்க்கென ஒரு நுண்ணுயிர்ப் பொறியை வடிவமைத்தவர் அவர். 1972-இல் செலவைக் குறைக்க அந்தக் கருவியைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் மனமுடைந்து உட்காரவில்லை. அண்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளுக்குப் போனார். உயிரற்றது என்று மற்றவர்கள் சொன்ன மண்ணில் நுண்ணுயிர் உண்டா என்று தேடினார். 1973 டிசம்பரில் அங்கே மலைச்சரிவில் விழுந்து இறந்தார். அந்தப் பள்ளத்தாக்குகளின் மண்ணில் கண்டறிந்த ஓர் ஈஸ்ட் இனத்துக்குப் பின்னாளில் அவர் பெயர் சூட்டப்பட்டது. அதை விவரித்து எழுதியவர் அவருடைய மனைவி ஹெலன் விஷ்னியாக், அவரும் நுண்ணுயிரியலாளர்.

பிறகு வந்தவற்றை வேகமாகக் கடக்கிறேன். அண்டார்க்டிகாவில் கிடைத்த செவ்வாய் விண்கல்லில் பாக்டீரியாவின் சுவடு இருப்பதாக நாசா விஞ்ஞானிகள் 1996-இல் அறிவித்தார்கள். அமெரிக்க அதிபரே தொலைக்காட்சியில் பேசினார். பிறகு ஒவ்வொரு சான்றுக்கும் உயிரில்லாத விளக்கம் ஒன்று கிடைத்தது. கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தில் மீத்தேனைக் கண்டது. மேலே சுற்றும் ஐரோப்பியக் கலத்தின் நுட்பமான கருவிகள் எதையும் காணவில்லை. இந்த முரண் இன்னும் தீரவில்லை.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது ஜெசிரோ. 45 கிலோமீட்டர் அகலமான பள்ளம். 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆறு வந்து விழுந்து ஏரியாக நின்ற இடம். பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18 அன்று அங்கே இறங்கியது. 2024 ஜூலையில், அந்த ஏரிக்கு நீர் கொண்டுவந்த பழைய ஆற்றுவழியில், செயாவா ஃபால்ஸ் என்று பெயரிடப்பட்ட ஒரு செந்நிறப் பாறையைக் கண்டது. பாறையில் சிறுத்தைப் புள்ளிகள் போல, மில்லிமீட்டர் அளவில், வெளிறிய நடுவும் கருத்த விளிம்புமாகப் புள்ளிகள். கூடவே கரிமப் பொருள். ஜோயல் ஹுரோவிட்ஸ் தலைமையிலான குழு 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் எழுதியபடி, அந்தப் புள்ளிகளில் இருப்பவை விவியனைட் என்ற இரும்புப் பாஸ்பேட்டும் கிரெய்கைட் என்ற இரும்புச் சல்பைடும் போலத் தெரிகின்றன. நம் ஏரிச் சேற்றிலும் சதுப்பிலும் ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கரிமப் பொருளைத் தின்று, மூச்சுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்பையும் சல்பேட்டையும் பயன்படுத்துகின்றன. அவை விட்டுச் செல்லும் கனிமங்கள் இவைதாம். உயிரின்றியும் இவை உண்டாகலாம். ஆனால் அதற்கு வழக்கமாக வேண்டிய கடும் வெப்பமோ அமிலமோ அந்தப் பாறையைத் தாக்கியதற்கான அடையாளம் தெரியவில்லை.

ஆகவே ஆய்வாளர்கள் கவனமாக, உயிர்ச்சுவடாக இருக்கக்கூடியது என்று மட்டும் சொன்னார்கள். மேற்கொண்டு சொல்ல அந்தப் பாறை பூமிக்கு வர வேண்டும். ஐசோடோப்பு விகிதங்களை அளக்க வேண்டும், இழை இழையாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அந்தப் பாறையிலிருந்து எடுத்த மாதிரி, சபையர் கேன்யன் என்ற பெயரோடு, ஒரு குழாய்க்குள் மூடப்பட்டு இருக்கிறது. ஊர்தி கொண்டுபோன 43 குழாய்களில் 5 சாட்சிக் குழாய்கள். அவற்றில் பாறை போடுவதில்லை. ஊர்தியே கொண்டுவந்த பூமியின் மாசு எவ்வளவு என்று பதிவு செய்வதற்காகவே அவற்றைத் திறந்து மூடுகிறார்கள். நாளைக்கு ஆய்வகத்தில் ஒரு மூலக்கூறு தென்பட்டால், இது செவ்வாயுடையதா நம்முடையதா என்று அந்தச் சாட்சியிடம் கேட்கலாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்தக் குழாய்களைக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர்வரை செலவாகும், 2040 வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்ற மதிப்பீடு வந்ததும் அது தள்ளாடத் தொடங்கியது. 2025-இல் அமெரிக்க அரசின் வரவுசெலவு முன்மொழிவு அதைக் கைவிடச் சொன்னது. அதே முன்மொழிவு செவ்வாய்க்கு மனிதரை அனுப்பும் முயற்சிக்குப் புதிதாகப் பணம் ஒதுக்கச் சொன்னது. ஐம்பது ஆண்டுத் தேடலில் கிடைத்த மிக நல்ல தடயம் குழாய்க்குள் இருக்க, அதை எடுத்துவரும் வேலையை விட்டுவிட்டு ஆளை அனுப்பப் பணம் தேடுவது தவறு என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

மனிதப் பயணம் என்றால் என்ன என்பதையும் பார்ப்போம். செவ்வாய்க்குப் புறப்பட 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வழி திறக்கும். போக ஆறு முதல் ஒன்பது மாதம். திரும்பும் வழி திறக்க அங்கே ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கியூரியாசிட்டி போகும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்கு 1.8 மில்லிசீவர்ட். போய்வரும் பயணத்துக்கு மட்டும் சுமார் 660. நாசா தன் விண்வெளி வீரருக்கு வாழ்நாள் முழுமைக்கும் வகுத்த வரம்பே 600. இவை பொறியாளர்களின் சிக்கல்கள். அவர்கள் தீர்த்துவிடுவார்கள் என்றே நம்புகிறேன்.

என் கவலை, தீர்க்க முடியாத வேறொன்று. ஒரு மனித உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். முன்னே சொன்ன 3 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வைக்கிங்கை வேகவைத்ததுபோல மனிதரை வேகவைக்க முடியாது. குடலில் பாக்டீரியா இல்லாமல் அவரால் நலமாக வாழவும் முடியாது. விண்வெளி உடைகள் கசியும். குடியிருப்பிலிருந்து காற்று வெளியேறும். கழிவை எங்காவது வைத்தாக வேண்டும். நிலவில் ஆம்ஸ்ட்ராங் இறங்கி எடுத்த முதல் புகைப்படத்திலேயே ஒரு குப்பைப் பை கிடக்கிறது.

அங்கே போனால் அவை செத்துவிடாதா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். புற ஊதாக் கதிர் பட்டால் பெரும்பாலானவை விரைவில் சாகும். தூசிக்கு அடியில், பாறை நிழலில் விழுந்தவை நெடுநாள் உறங்கிக் கிடக்கலாம். செத்தாலும் அவற்றின் மூலக்கூறுகள் மிஞ்சும்; தேடுபவரைக் குழப்ப அதுவே போதும். எவை பிழைக்கும் என்பதை நாம் முழுமையாக அறியோம். விண்கலம் பூட்டும் தூய்மை அறைகளிலேயே, வேதிப்பொருள்களையும் புற ஊதாக் கதிரையும் தாங்கி நிற்கும் பாக்டீரியாக்களைக் கண்டிருக்கிறார்கள். டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் என்ற இனத்தை முதலில் கண்டது இரண்டே இடங்களில்: ஃபுளோரிடாவில் ஒரு தூய்மை அறை, தென்னமெரிக்காவின் கூருவில் இன்னொரு தூய்மை அறை. நாம் கழுவிக் கழுவி, கழுவலுக்குத் தப்பியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறோம்.

இந்த ஆய்வில் முன்னணியில் நிற்பவர்களில் ஒருவர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கஸ்தூரி வெங்கடேஸ்வரன். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றியவர். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் 40 மாதம் படிந்த தூசியிலிருந்து அவர் குழு பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு, அப்துல் கலாம் நினைவாக சோலிபேசில்லஸ் கலாமி என்று 2017-இல் பெயர் வைத்தார்கள். பெயர் நமக்குப் பெருமை. வித்தாக மாறி உறங்கக்கூடிய அந்த நுண்ணுயிர் மனிதர் வாழும் கலத்தின் காற்றில் சுற்றியது என்பதுதான் நாம் படிக்க வேண்டிய செய்தி.

பாலில் ஒரு சொட்டு மோர் விழுந்துவிட்டால், பிறகு அந்தப் பாலில் முன்பு என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இது பூமியிலேயே நடந்திருக்கிறது. அண்டார்க்டிகாவின் பனிக்கு அடியில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் வோஸ்டாக் ஏரியை 2012 பிப்ரவரியில் ரஷ்யக் குழுவினர் துளைத்து எட்டினார்கள். துளை உறைந்துவிடாமல் இருக்க அதில் மண்ணெண்ணெய் கலந்த திரவம் நிரம்பியிருந்தது. கிடைத்த நீரில் அறியப்படாத ஒரு பாக்டீரியாவின் தடயம் இருப்பதாக மறு ஆண்டு சொன்னார்கள். துளைத்திரவத்தின் மாசு என்றார்கள் மற்றவர்கள். அவ்வளவு பாடுபட்டு அடைந்த ஏரியிலிருந்து ஐயமற்ற பதில் கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதங்கள் வலுவானவை. பெர்சிவியரன்ஸ் ஊர்தி ஐந்தாண்டு ஊர்ந்து கடந்தது சுமார் 40 கிலோமீட்டர். பயிற்சி பெற்ற மனிதர் சில நாள்களில் நடந்துவிடுவார். 1972 டிசம்பரில் அப்போலோ-17 பயணத்தில் ஹாரிசன் ஷ்மிட் காலடியில் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டு கூவினார். அவர் புவியியலாளர்; அதனால் கண்ணில் பட்டது. இதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது வாதம்: விண்கற்கள் மோதித் தெறித்த பாறைகள் வழியே பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே பல கோடி ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கல் நடந்துவருகிறது, நம் நுண்ணுயிர் முன்பே போய்ச் சேர்ந்திருக்கலாம், இனி என்ன காவல்? இந்த வாதம் எனக்கு எதிராக அல்ல, எனக்குச் சாதகமாகவே முடிகிறது. பூமியின் உயிர்கள் எல்லாம் ஒரே குடும்பம். எருக்கஞ்செடியும் யானையும் காலரா கிருமியும் அடிப்படையில் ஒரே மரபுக்குறிமுறையைப் பயன்படுத்துகின்றன. உயிர் எத்தனை முறை தோன்றும் என்பதற்கு நம்மிடம் இருப்பது ஒரே ஒரு எடுத்துக்காட்டு. செவ்வாயில் வேறு வேதியியல் கொண்ட உயிர் கிடைத்தால், ஒரே சூரியனைச் சுற்றி இரண்டு முறை தனித்தனியே உயிர் தோன்றியது என்று தெரியும். நம்மைப் போன்ற உயிரே கிடைத்தால்? அது நூறு கோடி ஆண்டுக்கு முன் பாறையேறிப் போன உறவா, போன மாதம் விண்வெளி வீரரின் கையுறையிலிருந்து உதிர்ந்ததா? முன்பே பரிமாற்றம் நடந்திருக்கக்கூடும் என்றால், சுத்தம் இன்னும் கூடுதலாகத்தான் வேண்டும்.

மனிதர் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போக வேண்டும், உங்களில் யாரேனும் போனால் எனக்கு மகிழ்ச்சி. வரிசையைத்தான் வலியுறுத்துகிறேன். ஜெசிரோ மாதிரிகள் முதலில் வரட்டும். கதிர்வீச்சு எட்டாத ஆழத்தில் துளைத்துப் பார்க்கட்டும். 2 மீட்டர் துளைக்கும் ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி 2028-இல் புறப்படக் காத்திருக்கிறது. சீனாவின் தியான்வென்-3 அதே வாக்கில் போய் 2031-இல் மாதிரிகளோடு திரும்பத் திட்டம். அந்தப் பதில்கள் வரும்வரை செவ்வாயைச் சுற்றும் பாதையிலோ, அதன் துணைக்கோள் ஃபோபாசிலோ மனிதர் தங்கி, வேகவைத்துச் சுத்தமாக்கிய ஊர்திகளை அங்கிருந்தே இயக்கலாம். பூமியிலிருந்து ஒரு கட்டளை போய்ச் சேர இருபது நிமிடத்துக்கு மேலும் ஆகிவிடுகிற தாமதம் அப்போது இராது. ஷ்மிட்டின் கண்ணும் கிடைக்கும், தரையும் கெடாது.

இதில் பெரிய முட்டுக்கட்டை தண்ணீர். குடிக்கவும், திரும்பி வர எரிபொருள் செய்யவும் பயணிகளுக்குப் பனிக்கட்டி வேண்டும். ஆகவே பனி மேலாக இருக்கும் இடத்தையே தரையிறங்கத் தேடுகிறார்கள். உயிர் ஒதுங்கியிருந்தால் ஒதுங்கக்கூடிய இடமும் அந்தப் பனிதான். எந்தப் பனியைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்ற வரைபடம் ஒன்று, தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் சட்ட வலுவோடு, முதல் குழு புறப்படும் முன் உருவாக வேண்டும். 1967 ஒப்பந்தம் தனியார் செய்வதற்கும் அந்தந்த நாட்டு அரசையே பொறுப்பாக்குகிறது. ஆகவே இது அரசுகள் செய்யக்கூடிய வேலை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. சுற்றும் கலத்துக்கு விதிகள் எளிது. தரையில் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்து இஸ்ரோ தரையிறங்கும் கலத்தைப் பற்றி யோசிக்கும்போது, ஒவ்வொரு சதுர மீட்டரையும் துடைத்து, வளர்த்து, எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டிவரும். வித்துகளை எண்ணும் வழக்கமான முறையோ, தட்டில் வளர்க்க முடிந்தவற்றை மட்டுமே காட்டும். தூய்மை அறையில் இருப்பவற்றில் பெரும்பகுதி தட்டில் வளர்வதில்லை. அவற்றை மரபணு வரிசையால் அடையாளம் கண்டு பட்டியலிட வேண்டும். நாளை செவ்வாயில் ஒரு மரபணுத் துணுக்கு கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கப்போவது அந்தப் பட்டியலோடுதான். இந்தியத் தூய்மை அறைகளுக்கு அப்படி ஒரு விரிவான பட்டியலைத் தயாரிக்க இந்தத் துறையில் இருக்கும் வசதிகளும் இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் மாணவர்களும் போதும். ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.